ராட்சதர்களின் பூர்வீகம்

1966 ஜூலை 17, ஞாயிறு இரவு ஏழு மணி. ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘அல்ட்ராமேன்’ தொடரின் முதல் அத்தியாயம் வந்தது. எம்-78 நெபுலாவிலிருந்து வரும் ஒருவன், ஹயாத்தா என்ற அறிவியல் காவல்படை வீரனின் விமானத்தில் தவறுதலாக மோதிவிடுகிறான். இறந்த ஹயாத்தாவுக்குத் தன் உயிரைக் கொடுத்து அவன் உடம்பிலேயே குடியேறுகிறான். பூமியை ராட்சத மிருகமோ வேற்றுக்கிரகத்தாரோ தாக்கும்போது ஹயாத்தா 40 மீட்டர் உயர வெள்ளி உருவமாக எழுவான். 39 அத்தியாயங்களுக்கும் இதுதான் சட்டகம். குழந்தைகள் நாயகனைப் பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் அறுபதாண்டுகள் தாண்டி இத்தொடரை வாசிக்கத் தக்கதாக வைத்திருப்பவர்கள் அவன் கையால் செத்தவர்கள்தாம்.

தயாரித்தவர் எய்ஜி சுபுராயா. 1954-இல் ‘காட்ஸில்லா’ படத்தின் தந்திரக் காட்சிகளை அமைத்த அதே மனிதர். திரைப்படத்துக்கு வாய்த்த நேரமும் பணமும் தொலைக்காட்சிக்கு இல்லை. வாரம் ஒரு ராட்சதன் வேண்டும். அதனால் பழைய உடைகளையே வெட்டி ஒட்டினார்கள். ஜிராஸ் என்ற மிருகம், கழுத்தில் விசிறி மடிப்பு வைத்த காட்ஸில்லாதான். பொம்மை நகரத்துக்குள் உடை அணிந்த நடிகர்கள் புரள்வதைக் காமிரா அதிவேகத்தில் பதிவு செய்யும். திரையில் அது மெதுவாக ஓடும்போது உடம்புக்கு மலையின் கனம் வந்துவிடும்.

கைச்செலவு சுருங்கியது, கலை சுருங்கவில்லை. காரணம், சிற்பி தோரு நரிதா. இருக்கிற விலங்கைப் பெரிதாக்கி மட்டும் காட்டுவதில்லை, உடல் சிதைந்த உருவங்களை வரைவதில்லை என்று அவர் தமக்கே விதிகள் வைத்துக்கொண்டார். அவர் வரைந்ததை ரியோசாகு தகயாமா உடையாகச் செய்தார். பண்டைச் சிற்பங்களில் காணும் மெல்லிய புன்னகையை அல்ட்ராமேன் முகத்தில் வைத்தவரும் நரிதாதான். சக்தி தீரும்போது மார்பில் மின்னும் விளக்கு அவர் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. சண்டையை விறுவிறுப்பாக்கியது அந்த விளக்கு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது இல்லாத நரிதாவின் ஓவியத்தைப் பார்த்தவர்கள் அவர் பக்கமே நிற்பார்கள்.

இரண்டாம் அத்தியாயத்திலேயே அறம் சிக்கலாகிவிடுகிறது. நண்டுக் கொடுக்குக் கைகளோடு வரும் பால்டான் இனத்தார், அணுச்சோதனையில் தம் கிரகத்தை இழந்த அகதிகள். இருநூறு கோடிக்கும் மேற்பட்டோர் நுண்ணுயிர் அளவுக்குச் சுருங்கிக் கப்பலில் இருக்கிறார்கள். பேச்சு முறிந்ததும் அல்ட்ராமேன் அந்தக் கப்பலை அழிக்கிறான். கதை இதைக் கடந்துபோய்விடுகிறது. பார்ப்பவரால் கடந்துபோக முடிவதில்லை.

23-ஆம் அத்தியாயம் கடந்துபோக மறுக்கிறது. ஜமீலா ஒரு விண்வெளி வீரன். நீரில்லாக் கிரகத்தில் விழுந்தவனை அவன் நாடு கைவிட்டு, செய்தியையும் மறைத்துவிட்டது. உடல் வறண்டு உருமாறி, பழிவாங்கத் திரும்பி வருகிறான். கழுத்தே இல்லாமல் தலையும் தோளும் ஒன்றாகி, தோல் வெடித்த களிமண்ணாக இருக்கிறது. உலக நாடுகளின் மாநாட்டு மண்டபத்தை நோக்கி நகர்பவன் மேல் அல்ட்ராமேன் நீரைப் பாய்ச்சுகிறான். எந்த நீருக்கு ஏங்கினானோ அதிலேயே, சேற்றில் புரண்டு, குழந்தைபோல் அழுதபடி சாகிறான். பிறகு அதே அரசுகள் அவனுக்கு நினைவுக்கல் நாட்டுகின்றன. காவல்படை வீரனான இடே மட்டும் அதை ஏற்க மறுத்துப் பின்தங்கி நிற்கிறான். எழுதியவர் மாமோரு சசாகி, இயக்கியவர் அகியோ ஜிஸ்ஸோஜி. இருவரும் சேர்ந்த 35-ஆம் அத்தியாயத்தில், கொல்லப்பட்ட ராட்சதர்களுக்குக் காவல்படையே நினைவுச் சடங்கு நடத்துகிறது. சட்டையைத் தலைமேல் இழுத்து ஜமீலா வேடம் போட்டு விளையாடிய ஜப்பானியக் குழந்தைகளுக்கு அவன் கதையின் கசப்பும் ஓரளவு ஒட்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

தலைமை எழுத்தாளர் டெட்சுவோ கின்ஜோ ஒகினாவாவில் வளர்ந்தவர். 1945 போர் அவர் தாயின் காலைப் பறித்தது. 1972 வரை ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அடுத்த தொடரான ‘அல்ட்ரா செவன்’னில், 1968-இல், அவர் எழுதிய ‘நான்மால்ட்டின் தூதர்’ இந்தத் துறையின் உச்சம். பூமியின் மூத்த குடிகள் நான்மால்ட். அவர்களைக் கடலுக்கடியில் விரட்டியவர்கள் மனிதர்கள் என்கிறான் ஒரு சிறுவன். படைத்தலைவர் கடலடி நகரத்தைத் தகர்த்துவிட்டு வெற்றி என்று முழங்குகிறார். அந்தச் சிறுவனோ இரண்டாண்டுக்கு முன்பே அதே கடலில் இறந்தவன்.

இன்னொரு ஒகினாவாக்காரரான ஷோசோ உயெஹாரா 1971-இல் ‘திரும்பி வந்த அல்ட்ராமேன்’ தொடரில் மேலும் துணிந்தார். 33-ஆம் அத்தியாயத்தில் அநாதைச் சிறுவனை வேற்றுக்கிரகத்தான் என்று ஊரே சேர்ந்து வதைக்கிறது. அவனைக் காத்த முதியவர், உண்மையான வேற்றுக்கிரகத்தார் நானே என்றதும் போலீஸ்காரர் சுட்டுவிடுகிறார். அவர் அடக்கிவைத்திருந்த மிருகம் வெளியே வருகிறது. இந்த ஊரைக் காப்பாற்ற வேண்டுமா என்று நாயகன் தயங்குகிறான். 1923 பூகம்பத்தின்போது வதந்தியை நம்பிக் கொரியர்களைக் கொன்ற கும்பல்களின் நிழல் அதில் விழுந்திருக்கிறது.

எல்லாவற்றையும் ஒகினாவாவில் அடக்கிவிடுவது எளிது. ஆனால் ஜமீலாவை எழுதிய சசாகி ஒகினாவாக்காரர் அல்லர். அல்ட்ராமேனை அமெரிக்கப் படையாகவும் காவல்படையை ஜப்பானின் தற்காப்புப் படையாகவும் வாசிக்கும் விமர்சகர்களும் உண்டு. கடைசி அத்தியாயத்தில் ஜெட்டனிடம் அல்ட்ராமேன் தோற்க, மனிதர்களே ஜெட்டனை வீழ்த்துவதை அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். கூர்மையான வாசிப்புத்தான். ஆனால் அதில் ஜமீலாவுக்கு இடமே இல்லை.

இந்தத் துணிச்சலில் சறுக்கலும் உண்டு. ‘அல்ட்ரா செவன்’னின் 12-ஆம் அத்தியாயத்தில் கதிர்வீச்சால் இரத்தம் கெட்ட வேற்றுக்கிரகத்தார் மனித இரத்தத்தைத் தேடி வருவார்கள். 1970-இல், அணுகுண்டால் பாதிக்கப்பட்டோரை இழிவுபடுத்துகிறது என்ற கண்டனம் எழுந்தது. அந்த அத்தியாயம் விலக்கிவைக்கப்பட்டு இன்றும் வெளிவராமல் இருக்கிறது. கண்டனத்தில் நியாயம் இருந்தது.

பின்வந்த தொடர்களில் நாயகர்கள் பெருகிக் குடும்பமானார்கள், அவர்களுக்குக் கொம்பும் முளைத்தது. 1974-இல் தாய்லாந்துக் கூட்டுத்தயாரிப்பு ஒன்றில் அனுமனே வந்து அல்ட்ராமேன்களோடு சேர்ந்து போரிட்டார். கின்ஜோ 1969-இலேயே ஒகினாவா திரும்பியிருந்தார். 1976-இல், 37 வயதில், கீழே விழுந்து இறந்தார்.

2022-இல் ஹிடேயாகி அன்னோ எழுதி, ஷின்ஜி ஹிகுச்சி இயக்கிய ‘ஷின் அல்ட்ராமேன்’ நரிதாவின் கடனைத் தீர்த்தது: மார்பு விளக்கை எடுத்துவிட்டது. அதில் வேற்றுக்கிரகத்தார் கோட்டு சூட்டு போட்டு அரசோடு பேரம் பேசுகிறார்கள். அந்த அரசியல் நகைப்பு மிகக் கச்சிதம். ராட்சதர்களோ, யாரோ விட்டுச்சென்ற உயிராயுதங்கள். ஆயுதத்துக்கு ஊரில்லை, அதைக் கைவிட்ட நாடுமில்லை. சசாகியும் கின்ஜோவும் தொடங்கிவைத்த வேலையை அந்தப் படம் தொடவே இல்லை.