எட்டாத உயரம் யாருடைய குறை?

அமெரிக்காவின் டி.எல்.சி. தொலைக்காட்சியில் 2006 மார்ச்சில் ஒரு தொடர் தொடங்கியது. ‘லிட்டில் பீப்பிள், பிக் வேர்ல்ட்’ என்பது அதன் பெயர். ‘சிறிய மனிதர், பெரிய உலகம்’ என்று பொருள் கொள்ளலாம். ஆரிகன் மாநிலத்துப் பண்ணை ஒன்றில் வாழ்ந்த ரோலஃப் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையே கதை. நடிகர்கள் எவரும் இல்லை. தந்தை மேட், தாய் ஏமி இருவரும் உயரம் குன்றியவர்கள். நான்கு பிள்ளைகளில் மூவர் சராசரி உயரம். சாக் மட்டும் உயரம் குன்றியவர். அவரும் சராசரி உயரமுள்ள ஜெரமியும் இரட்டையர்! 2024இல் 25ஆம் பருவத்தை எட்டிய இத்தொடரை அறிவியல் மாணவரின் கண்கொண்டு பார்ப்போமா?

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். உயரம் குன்றியோரை சர்க்கஸ் கோமாளியாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கோ அவர்கள் காரோட்டுகிறார்கள், பூசணி பயிரிடுகிறார்கள், பிள்ளைகளைக் கண்டிக்கிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள். கால் எட்டாத காரில் மிதியை நீட்டிக்கும் கருவி. கை எட்டாத அலமாரிக்கு ஒரு முக்காலி. இவ்வளவு எளிய பொருள்கள் ஒரு மனிதரின் சுதந்திரத்தைத் தீர்மானிக்கின்றன என்பதைப் பிரசங்கம் செய்யாமலே தொடர் காட்டிவிடுகிறது.

இனிக் குறைக்கு வருவோம். ஒரே பிரசவத்தில் பிறந்த இருவரில் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை ஏன்? பார்ப்பவர் மனத்தில் எழும் முதல் கேள்வி இதுதான். நமக்கு இக்கேள்வி புதிதன்று. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) திரைப்படம், கருவுற்ற தாய்க்குக் கொடுக்கப்பட்ட நஞ்சே காரணம் என்றது. கதைக்கு அது போதும், அறிவியலுக்குப் போதாது. இரட்டையர் என்றாலே ஒரே மரபணுக்கள் உடையவர்கள் என்பதில்லை. தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து உருவானவர்கள், சேர்ந்து பிறந்த சகோதரர்களே.

தாய் ஏமிக்கும் சாக்குக்கும் இருப்பது அகாண்ட்ரோபிளேசியா. 1994இல் இதற்குக் காரணமான மரபணு 4ஆம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. எலும்பு நீள்வதற்குப் பிரேக் போடுவது அதன் வேலை. மாற்றம் நேர்ந்த மரபணுவோ பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே கைகால்கள் குறுகுகின்றன, உடற்பகுதி ஏறத்தாழ இயல்பாகவே வளர்கிறது, அறிவுக்குக் குறைவில்லை. தந்தைக்கு இருப்பது டயஸ்ட்ரோஃபிக் டிஸ்பிளேசியா என்ற வேறொரு நிலை. அது மூட்டுகளையும் தாக்குவதால் ஊன்றுகோல் தேவைப்படுகிறது.

முன்னது ஓங்கு பண்பு. பின்னது ஒடுங்கு பண்பு. தந்தையின் மாறிய மரபணு நான்கு பிள்ளைகளுக்கும் சென்றிருக்கும். ஆனால் தாயிடமிருந்தும் அதே மாற்றம் வந்தாலன்றி வெளிப்படாது. தாயினுடையது ஒன்று வந்தாலே வெளிப்படும்; வருவதற்கு வாய்ப்பு சரிபாதி. அப்படியானால் நால்வரில் இருவருக்கு வந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நாணயத்தை நான்கு முறை சுண்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டு தலை விழுகிறதா? ஒவ்வொரு பிறப்பும் புதிய சுண்டல். முன்பு விழுந்தது நாணயத்துக்கு நினைவில்லை. சாக்கின் மனைவி சராசரி உயரமுள்ளவர். அவர்களுடைய மூன்று குழந்தைகளுக்கும் அகாண்ட்ரோபிளேசியா வந்தது. எட்டில் ஒரு வாய்ப்பு அது, அரிதுதான், அதிசயமன்று.

எத்தனை அருமையான பாடம்! வீட்டுக்குள்ளேயே மெண்டல் நடமாடுகிறார். ஆயினும் தொடர் இதற்கு ஒதுக்கிய நேரம் சொற்பம். போகப்போக மணமுறிவும் பண்ணை விற்பனைத் தகராறுமே கதையாகிவிட்டன. காரணம் அறியாத பார்வையாளரிடம் எஞ்சுவது வேடிக்கையும் இரக்கமும் மட்டுமே. உயரம் குன்றிய குழந்தையைப் பெற்ற தாயை, ‘கருவுற்றபோது என்ன தின்றாய்?’ என்று ஊரார் கேட்பதும் இந்த அறியாமையால்தான். அகாண்ட்ரோபிளேசியா உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் சராசரி உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்கள். தற்செயலாக நேரும் புதிய மரபணு மாற்றமே அங்கு காரணம். தாய் தின்றதும் இல்லை, பார்த்ததும் இல்லை.

இத்தொடரை நான் குறைகூறுவதற்கு முன் என் குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் உயரம் குன்றிய மாணவர் ஒருவர் நிறமாலைமானியின் தொலைநோக்கியில் கண் வைக்க முடியாமல் நுனிக்காலில் நின்றார். “பக்கத்திலிருப்பவரிடம் அளவைக் கேட்டு எழுதிக்கொள்” என்றேன், உதவி செய்கிற நினைப்பில். ஒரு பருவம் முழுவதும் அவர் பிறர் கண்ட அளவுகளையே எழுதினார். ஏமி முக்காலியில் ஏறும் காட்சியைப் பார்த்த மறுநாள்தான் எனக்கு உறைத்தது. ஆய்வகத்துக்கு ஒரு முக்காலி வந்தது. அம்மாணவர் எடுத்த முதல் அளவு வகுப்பிலேயே துல்லியமானதாக இருந்தது.

மேசையின் உயரம் இயற்கை விதியன்று. யாரோ ஒரு தச்சரிடம் நாம் சொன்ன அளவு. இதை எனக்குக் கற்பித்த தொடர், மரபியலையும் சேர்த்துக் கற்பித்திருந்தால் இன்னும் உயர்ந்திருக்கும். அடுத்த முறை உயரம் குன்றிய ஒருவரை நீங்கள் சந்திக்கும்போது, அவரை அளக்காதீர்கள். அவர் முன்னுள்ள மேசையை அளந்து பாருங்கள்.