டொபிக்குத் தடை, தட்டில் என்ன?

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகள் பற்றிக் கல்வி அமைச்சு 2015இல் வெளியிட்ட சுற்றறிக்கை, குளிர்பானம், இனிப்புப் பண்டம் போன்றவற்றுக்குத் தடை விதித்து, இலைக்கஞ்சி, அவித்த கடலை, பழம் ஆகியவற்றை முன்னுக்கு வைக்கிறது. மறு ஆண்டே குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் நிறக் குறியீடு கட்டாயமானது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். இவற்றைத் தளர்த்தக் கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கு இவை எவ்வளவு தூரம் எட்டுகின்றன என்று கேட்காமல் இருக்க முடியாது.

சிற்றுண்டிச்சாலையே இல்லாத சிறிய பாடசாலைகள் மலையகத்தில் ஏராளம். அங்கே பிள்ளை காசு கொடுத்து வாங்குவது லயத்துக் கடையில், அல்லது வாசலுக்கு எதிரே உள்ள பெட்டிக் கடையில். அதிபரின் அதிகாரம் வாசலோடு முடிந்துவிடும். உள்ளே விற்கத் தடையான பொருள் வெளியே கயிற்றில் தொங்கும்.

இதைவிடப் பெரிய குறை வேறு. அதிகம் தின்னும் பிள்ளையைக் காக்க எழுதிய விதிகள், போதாமல் தின்னும் பிள்ளைக்கு என்ன செய்யும்? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப் பகுதியில் ஏறத்தாழ 32 சதவீதம். அந்த வயதில் வளர்ச்சி குன்றியவர்கள்தான் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியும். தேநீரோ உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இந்த வீட்டில் டொபியைத் தடுத்ததால் மட்டும் பிள்ளையின் உடம்பு தேறாது.

அடுத்தது காசு. மலசலகூடக் கதவுக்கும் கூரைத் தகரத்துக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோரிடம்தான் கையேந்த வேண்டியிருக்கிறது. 2024 வரை 1,000 ரூபாய் நாட்சம்பளத்தில் வாழ்ந்த குடும்பத்திடம் எத்தனை தடவை கேட்பது? அதனால்தான் உணவு விற்பனை. சீக்கிரம் விற்பதும் மீதியாகிக் கெடாமல் இருப்பதும் பிஸ்கட்டும் கலர் பானமும்தான். விற்காதே என்று சொல்லும் அதிகாரி, அந்தக் கதவுக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த விடயத்தில் நம்மிடமே ஒரு நல்ல வழி இருக்கிறது: ஆரம்பப் பிரிவில் நடக்கும் சிறுவர் சந்தை. கணக்கும் கொடுக்கல் வாங்கலும் பழக வீட்டிலிருந்து பொருள் கொண்டுவந்து பிள்ளைகளே விற்கிறார்கள். மேசையில் லீக்ஸ், கரட், லயத்துக் காணியில் பறித்த கீரைக்கட்டு, கொய்யா, அவித்த மரவள்ளி, தேங்காய்ப்பூ தூவிய கடலை. அம்மா சொல்லியனுப்பிய விலையை மறந்துவிட்டுப் பாதி விலைக்குக் கொடுத்துவிடும் பிள்ளையும் உண்டு. அதே மேசையில் ஜெலியும் சிவப்புச் சர்பத்தும் முந்தி விற்றுப்போவதும் உண்மை. சர்பத்தை மட்டும் எடுத்துவிட்டால் பாடமும் கெடாது, பணமும் பெரிதாகக் குறையாது. விதி இங்கே கண்டிப்பாக இருக்கட்டும்.

பிறந்தநாள் டொபி விடயத்தில் நான் அவ்வளவு கண்டிப்பாக இருக்கமாட்டேன். கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை, ஆண்டில் ஒரு நாள் முழு வகுப்புக்கும் கொடுக்கிறது. வாங்கியே பழகிய பிள்ளைக்கு அந்த நாள் பெரியது. கடலையாகவோ வாழைப்பழமாகவோ கொடுக்கச் சொல்லி ஆசிரியர் தாயிடம் முன்கூட்டியே பேசலாம். வகுப்பின் நடுவே பையைப் பறிப்பது கொடுமை.

2024 மார்ச்சிலிருந்து அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. டொபித் தடையால் செய்ய முடியாததை ஒரு தட்டுச் சோறும் பருப்பும் முட்டையும் செய்யும். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தரம் ஆறில் அந்தத் தட்டு நின்றுபோகிறது. பெண்பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து அதிகம் தேவைப்படத் தொடங்கும் வயதும் அதுதான். சிற்றுண்டி விதிகளை நடைமுறைப்படுத்த வரும் அதிகாரிகளிடம் மலையகப் பெற்றோர் கேட்க வேண்டியது இதைத்தான்: தடை இருக்கட்டும், தோட்டப் பாடசாலைகளில் அந்தத் தட்டைத் தரம் பதினொன்று வரை கொண்டுவாருங்கள்.