கணினி அடுத்த அறையில் இருக்கட்டும்

பணத்துக்கு வரம்பே இல்லை, வீட்டில் ஒரு கணினியும் ஒலியமைப்பும் வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? பெரும்பாலானோர் கிராஃபிக்ஸ் கார்டில் தொடங்குவார்கள். நான் அறையில் தொடங்குவேன்.

நம் அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் 10-க்கு 12 அடி, உயரம் 10 அடி. சுற்றிலும் சிமென்ட் பூச்சு, கீழே டைல்ஸ். 10 அடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும். அகலமும் உயரமும் ஒரே அளவு என்பதால் தரைக்கும் கூரைக்கும் நடுவிலும் அதே 56 ஹெர்ட்ஸ் தேங்கும். பேஸ் கிதாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் தனி மெட்டாகவே நடக்கும். இந்த அறையில் அதன் ஒரு சுரம் வெறுங்குடத்தைத் தட்டியதுபோல் முழங்கும், அடுத்த சுரம் மெலிந்துவிடும். ஸ்பீக்கருக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் இது மாறாது.

சுவரில் ஒட்டும் மெல்லிய நுரைத் தகடுகள் இதற்கு உதவாது. 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர். அந்தத் தகடுகள் உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு, முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை ஓரடி கனத்துக்கு ராக்வுல் என்ற பாறை இழைப் பஞ்சை அடுக்கித் துணி போர்த்த வேண்டும். பக்கச் சுவர்களிலும் கூரையிலும் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடங்களுக்கு நான்கு அங்குலம் போதும். அறை சுருங்கும், வீட்டில் முணுமுணுப்பு எழும். என் கனவு பட்ஜெட்டின் முதல் செலவு இதுதான். முடிந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பெரிய அறையாகவே கட்டிக்கொள்வேன்.

அடுத்தது ஸ்பீக்கர். பின்லாந்தின் ஈசல்மி நகரில் 1978 முதல் இயங்கும் ஜெனலெக் நிறுவனத்தின் 8361ஏ ஜோடிதான் என் தேர்வு. உச்ச ஒலியும் நடு ஒலியும் ஒரே மையத்திலிருந்து வருகின்றன. கீழ் ஒலி தரும் இரண்டு ஊஃபர்களும் முகப்புக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. கேட்கும்போது வியக்க வைப்பது குரல்தான். தலையைப் பக்கவாட்டில் நகர்த்தினாலும் பாடகரின் குரல் நிறம் மாறாமல் நிற்கிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து கும்காரம் சறுக்கி ஏறுவது தெளிவாகக் கேட்கிறது, அருகில் இருக்கும் தம்புராவை அது மூடுவதில்லை. வெகுநேரம் கேட்டும் காது களைக்கவில்லை.

இந்த ஸ்பீக்கர்களுக்கென ஜிஎல்எம் என்ற மென்பொருளும் அளவீட்டு மைக்கும் உண்டு. அமர்ந்து கேட்கும் இடத்தில் மைக்கை நிறுத்தினால் அறையின் முழக்கத்தை அளந்து, ஸ்பீக்கருக்குள்ளேயே குறைத்துவிடும். ஆனால் ஒலி மேடாக இருக்கும் இடத்தைத்தான் அது வெட்டும், பள்ளத்தை நிரப்பாது. ராக்வுல் இல்லாமல் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் டிஏசிக்குத் தனியாக லட்சங்களைக் கொட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஸ்பீக்கருக்குள் அனலாக் ஒலியை அனுப்பினால், அது உள்ளே மீண்டும் டிஜிட்டலாக மாற்றப்பட்ட பிறகே ஆம்ப்ளிபையருக்குப் போகிறது. அதனால் நல்ல ஆடியோ இன்டர்பேஸ் ஒன்றிலிருந்து நேராக டிஜிட்டல் இணைப்பைக் கொடுப்பதே முறை.

கணினியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ இசைக்கு விநாடிக்கு 4.6 மெகாபிட் போதும். பழைய லேப்டாப்பே சமாளிக்கும். படத்தொகுப்புக்கும் வேண்டும் என்றால் மேக் ஸ்டூடியோ வாங்கலாம். இசைக்காக அதனிடம் நான் கேட்பது மௌனம் மட்டுமே. அதனால் அது அடுத்த அறைக்குப் போகிறது, மின்வெட்டுக்கான யுபிஎஸ்ஸும் கூடவே. நடுவில் கண்ணாடி இழைத் தண்டர்போல்ட் கேபிள். 50 மீட்டர் வரை கிடைக்கிறது. அந்த இழையில் மின்சாரம் போகாது என்பதால் மேசையில் திரையையும் இன்டர்பேஸையும் இணைக்கும் டாக்குக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும்.

கணினியை வெளியேற்றிய பிறகுதான் சீலிங் ஃபேனின் இரைச்சல் உறைக்கும். சுவர் ஏசியும் சளைத்ததல்ல. அகலமான குழாய் வழியே காற்றை மெல்ல அனுப்பும் டக்ட் ஏசி நம் வெயிலுக்கு அவசியம்.

திரை 27 அங்குலம் போதும். ஸ்பீக்கர்களுக்கு நடுவே பெரிய திரையும் அகலமான மேசையும் இருந்தால் அவற்றில் பட்டுத் திரும்பும் ஒலி குரலைக் கலங்கடிக்கும். மோட்டார் மேசையை வாங்கி, இசை கேட்கும்போது திரையோடு தாழ்த்திவிடலாம்.

8361ஏ-க்குக் கீழே நிற்கும் டபிள்யூ371ஏ என்ற ஊஃபர் பெட்டி 23 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பெரிய கூடம் இருப்பவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும். 10-க்கு 12 அறையில் அது இடத்தை அடைக்கும். பட்ஜெட் சுருங்கினால் நான் முதலில் விடுவதும் அதைத்தான். அடுத்து மேக் ஸ்டூடியோவை விடுவேன். பிறகு 8361ஏ-க்குப் பதில் அதே குடும்பத்தின் சிறிய 8341ஏ-க்கு இறங்குவேன். ராக்வுல் அடுக்கில் ஓர் அங்குலமும் குறைக்க மாட்டேன்.