நகைச்சுவை நடிப்பும் வட்டார வழக்கும்

நகைச்சுவை நடிகர்களைப் பற்றிய ஆய்வுகளுட் பல, அவர்கள் பேசிய வேடிக்கைப் பேச்சுகளைத் தொகுத்துரைப்பதோடு அமைந்துவிடுகின்றன. அச்சொற்கள் யாருடைய பேச்சாக, எத்தகைய குரலில் ஒலித்தன என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. நடிப்போ அங்குத்தான் இருக்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் அதன் நிலைக்களன்களாகக் கூறுவர். எள்ளலுக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் நடிப்பை ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படுவது. பிறரை எள்ளித் தான் நகுதல் ஒன்று; பிறரால் எள்ளப்பட்டவழித் தானே நகுதல் மற்றொன்று.

திருவனந்தபுரம் சாலையில் வாழும் தமிழர்க்கு இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான இக்கடைத்தெருவில் ஒரே பேரத்தினுள் தமிழும் மலையாளமும் மாறிமாறி ஒலிக்கும். ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளைப் படித்தோர் இதனை அறிவர். இங்குள்ள தமிழ் தமிழகத்தார் செவிக்கு மலையாளமாகவும், இங்குள்ள மலையாளம் வடக்கத்தியார் செவிக்குத் தமிழாகவும் படுவதுண்டு. இருமொழித் திரைப்படங்களும் இதனை எளிய சிரிப்புப் பொருளாக்கியுள்ளன. தமிழ்ப் படங்களின் தேநீர்க்கடை நாயரை நினைவுகூர்ந்தாற் போதும். அவர் வாய் திறந்தவுடன் சிரிப்பு எழ வேண்டும் என்பதற்குமேல் அப்பாத்திரத்துக்கு வேலையில்லை.

கேரளத்துக் கூடியாட்டத்தில் நிலைமை நேர்மாறானது. சமஸ்கிருதமும் பிராகிருதமும் வழங்கும் அம்மேடையில் விதூஷகன் ஒருவனே மக்கள் மொழியில் பொருளை விரித்துரைக்கிறான். அறம் முதலிய புருஷார்த்தங்களுக்கு மாற்றாக வினோதம், வஞ்சனம், அசனம், ராஜசேவை என்னும் நான்கை வைத்து அவன் நிகழ்த்தும் கூத்தில் அவையோரும் தப்புவதில்லை. அவனுடைய மொழி எள்ளப்படும் பொருளன்று, எள்ளும் கருவி.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை இவ்வழியில் வைத்துக் காண்பதே பொருந்தும். 1908இல், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த அவர், டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பால ஷண்முகானந்த சபையில் வளர்ந்தவர், வில்லுப்பாட்டிலும் பழகியவர். வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒன்றைக் கூறி நிறுத்த, உடனிருப்பார் 'ஆமா' என்று ஏற்பர். அவ்விடைவெளி கலைவாணரின் திரைப்பேச்சிலும் உண்டு. 'ஆமா' போடுவோர் அரங்கில் அமர்ந்திருக்கும் மக்களே என்பதுதான் வேறுபாடு. 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தின் கிந்தனார் காலட்சேபத்தில் அவர் பாகவதரைப் பழித்துக்காட்டவில்லை. நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் நடையைத் தனதாக்கி, கல்வி நாடிய ஒடுக்கப்பட்ட சிறுவனின் கதையை அதில் வைத்தார். அறிவுரை மிகுந்து நகைச்சுவை குறைந்தது எனக் குறை கூறுவோர் உளர். சில படங்களைப் பொறுத்தவரை அது மெய்யே. கிந்தனாருக்கு அக்குறை பொருந்தாது.

அப்படியாயின் ஒரு வழக்கை அதற்குரியவரே நடிக்க வேண்டுமோ எனின், அன்று. தூத்துக்குடியிற் பிறந்த சந்திரபாபு 'சபாஷ் மீனா'வில் (1958) ரிக்‌ஷாக்காரராகச் சென்னைப் பேச்சைப் பேசினார். நடை, தோள், கழுத்து யாவும் அப்பேச்சின் வேகத்தோடு இயைந்தமையால், வேற்றூரார் ஒருவர் குரலைப் போலிசெய்கிறார் என்னும் எண்ணமே காண்போர்க்கு எழுவதில்லை. நாக்கு மட்டும் நடிக்கும்போதுதான் எள்ளல் இழிவாகிறது.

திருவனந்தபுரத்துப் பேச்சு மலையாளத் திரையில் நெடுங்காலம் துணைப்பாத்திரங்களின் சொத்தாயிருந்தது. 2005இல் 'ராஜமாணிக்யம்' படத்தில் மம்மூட்டி அதனைக் கதைத்தலைவனின் பேச்சாக்கியபோது இங்குள்ளோர் மகிழ்ந்தது இயல்பே. ஆயினும் அத்தலைவன் செல்வன், வலியன். அவனோடு சேர்ந்து சிரிக்கலாமேயன்றி அவனைப் பார்த்துச் சிரிக்க எவரும் துணியார். அதே பேச்சைச் சாலையில் மூட்டை சுமப்பவன் பேசும் காட்சியில் நடிகர் என்ன செய்கிறார் என்பதையே ஆய்வாளர் நோக்குதல் வேண்டும்.