தேம்பாவணியில் தியான மரபும் காப்பிய மரபும்

முன்னுரை

தமிழ்க் காப்பியங்களுள் வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) தனியிடம் உடையது. மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் என அமைந்த இந்நூலைக் கம்பராமாயணத்தோடும் சீவக சிந்தாமணியோடும் ஒப்பிடுவது வழக்கம். அவ்வொப்பீட்டில், ஆசிரியர் இயேசு சபைத் துறவி என்பதும் அச்சபையார் பயின்ற தியான முறை ஒன்று உண்டு என்பதும் பின்தள்ளப்படுகின்றன. அம்முறை காப்பியத்துள் எங்குச் சிறக்கிறது, எங்குத் தடைப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இஞ்ஞாசியாரின் முறை

புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548இல் அச்சேறியது. செபிப்பவர் நற்செய்தி நிகழ்ச்சி ஒன்றைத் தேர்ந்து, அது நிகழ்ந்த இடத்தை முதலில் மனக்கண்ணில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்நூல். பெத்லகேம் செல்லும் வழி சமநிலமா பள்ளத்தாக்கா, பிறப்பிடமான குகை தாழ்ந்ததா உயர்ந்ததா என எண்ண வேண்டும். பின்னர்த் தாமும் ஓர் எளிய பணியாளராக அங்கு நின்று, கண்டும் கேட்டும், இறுதியில் இறைவனோடு உரையாட வேண்டும். நினைவு, அறிவு, விருப்பம் ஆகியவற்றைச் செலுத்தி ஓர் உண்மையை எண்ணுவது தியானம். நிகழ்ச்சியினுள் உடனிருந்து காண்பது ஆழ்நிலைச் செபம். முன்னதில் உழைப்பு மிகுதி. பின்னதில் அமைதி மிகுதி.

ஐயமும் செபமும்

நற்செய்திகளில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. மரியாள் கருவுற்றதை அறிந்த அவருடைய போராட்டத்தை மத்தேயு ஒரே வசனத்தில் (1:19) கூறிக் கனவுக்குச் சென்றுவிடுகிறார். முனிவரோ ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலமும் அது நீங்குவதற்கு ஒரு படலமும் வகுக்கிறார். இதனைக் காப்பிய விரிவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. முடிவை முன்பே அறிந்த வாசகர், வளனோடு ஐயத்தினுள் தங்க வேண்டியவராகிறார். விடை உடனே கிட்டாத காலம் செபவாழ்வில் உண்டு. அக்காலத்தையே செபமாக்குவது இப்பகுதியின் பயன் எனலாம். வசனத்தின் மௌனம் இங்குத் தியானத்தின் இடமாகிறது.

இடம் அமைத்தலும் வருணனையும்

நாட்டுப் படலத்தில் யூதேயா தமிழ் மருதநிலமாகத் தோன்றுகிறது. புவியியல் நோக்கில் இது குறையாகலாம். செப நோக்கில் அன்று. மனக்கண் தான் அறிந்த நிலத்தைக் கொண்டே அறியாத நிலத்தைக் கட்டும். ஆயின் வேறொரு தடை உண்டு. உள்ளத்தை நிறைவிப்பது மிகுந்த அறிவு அன்று, உள்ளார்ந்து சுவைத்தலே என்பது இஞ்ஞாசியார் கொள்கை. வருணனை மரபோ ஓர் உவமையிலிருந்து அடுத்த உவமைக்கு விரைகிறது. வாசகர் கண்ட நிலத்தில் தங்காமல் புலவரின் திறத்தை வியக்கத் தொடங்குகிறார்; வியப்பு செபத்தின் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. நகரப் படலத்திற்கும் இது பொருந்தும். எனவே அணி மிகுந்த தொடக்கப் படலங்களைவிட ஐயம் பற்றிய படலங்களே தியான நோக்கில் உயர்ந்தவை என்பது இக்கட்டுரையின் துணிபு.

முடிவுரை

தியானமற்ற செபமாலை உயிரற்ற உடலாகும் என்னும் கருத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் வலியுறுத்தினார். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தினைச் சேர்த்தபோதும் கிறிஸ்துவின் முகத்தை நோக்கியிருத்தலையே செபமாலையின் உயிராகக் காட்டினார். ‘வாடாத மாலை’ எனப் பொருள்படும் தேம்பாவணிக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். திருவனந்தபுரத்தில் தமிழிலும் மலையாளத்திலும் செபமாலை சொல்லும் கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு. அம்மறைபொருள்களுள் இயேசுவின் பிறப்பையும் கோவிலில் காணிக்கையாக்கப்பட்டதையும் இக்காப்பியமும் பாடுகிறது. நாளொன்றுக்கு ஒரு பாடலை மெல்ல ஓதிப் பொருளில் தங்கினால், புலமைச் சின்னமாகப் போற்றப்படும் இந்நூல் செபநூலாகவும் வாழும்.