அடிப்படை ஆங்கில வேதாகமமும் நம் மாணாக்கரும்: ஒரு திறனாய்வு

இறையியற் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றோர் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழி பயின்று, தம் சபையின் பரிந்துரையோடு வந்து சேரும் இளைஞர், தாய்மொழியில் தடையின்றிச் செய்தியளிக்க வல்லவர். ஆயினும் நூலகத்தில் ஆங்கில விளக்கவுரை ஒன்றைத் திறந்தால் முதற் பத்தியிலேயே தளர்ந்து மூடிவிடுகிறார். அவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். எனினும் முதலாண்டு முடியுமுன் தம்மை அறிவிலி என்று தாமே எண்ணத் தலைப்படுகிறார். அவ்வெண்ணம் பட்டம் பெற்ற பின்னும் அவரைவிட்டு நீங்குவதில்லை. ஆதலின் இதைச் சிறு குறையென்று நாம் தள்ளிவிடலாகாது.

இத்தகையோர்க்குத் தொடக்க நூலாக நாமும் நம் உடனாசிரியர் சிலரும் கொடுத்து வந்தது 'பேசிக் இங்கிலீஷ்' எனப்படும் அடிப்படை ஆங்கிலத்தில் அமைந்த வேதாகமம். அதனை ஒரு மொழிபெயர்ப்பாக மட்டுமன்றி, மொழி கற்பிக்கும் கருவியாகவும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் அமைப்பு

அடிப்படை ஆங்கிலத்தை வகுத்தவர் சி. கே. ஆக்டன். அவர் 1930இல் வெளியிட்ட திட்டத்தின்படி, நாள்தோறும் வேண்டிய கருத்துகளை எல்லாம் 850 சொற்களைக் கொண்டே உரைத்துவிடலாம். அவற்றுள் வினைச்சொற்கள் துணைவினை உட்பட 18 மட்டுமே. வா, போ, கொடு, எடு, வை, செய், பார், அனுப்பு என்னும் பொருளுடைய எளிய வினைகளே அவை. பேராசிரியர் எஸ். எச். ஹூக் தலைமையில் அமைந்த குழு இச்சொற்பட்டியலோடு திருமறைக்கென 50 சொற்களும் செய்யுட் பகுதிகளுக்கென 100 சொற்களும் சேர்த்து, ஆயிரம் சொற்களில் மொழிபெயர்ப்பை முடித்தது. புதிய ஏற்பாடு 1941இலும் முழு வேதாகமம் 1949இலும் வெளிவந்தன. ஆயிரம் சொற்களுக்குள் ரோமர் நிருபத்தையும் யோபின் நூலையும் அடக்கிய உழைப்பு பெரிது. அதனை மறுப்பார் இலர்.

நிறைகள்

இந்நூலால் நம் மாணாக்கர் அடைந்த நன்மை மெய்யானது. ஆனால் அந்நன்மைக்குக் காரணம் ஆக்டனின் 850 சொற்கள் மட்டுமே என்று கருதுவது தவறு. மாணாக்கர் அந்நூலைத் திறக்குமுன்பே அதன் உட்பொருளை அறிந்திருக்கிறார். முதன்மையான காரணம் அதுவே. 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் ஐயர் திருப்புதல் அவர் செவியில் குழந்தைப் பருவமுதல் ஒலித்து வந்துள்ளது. கெட்ட குமாரன் தூர தேசத்திற்குப் போனதையும், பஞ்சம் வந்ததையும், பன்றிகளை மேய்க்க நேர்ந்ததையும் அவர் அறிவார். அடுத்து வரும் ஆங்கிலச் சொல் தெரியாவிடினும், கதை அவரைக் கைப்பிடித்து நடத்திச் செல்கிறது. புதிய மொழியையும் புதிய பொருளையும் ஒருங்கே சுமப்பது கடினம். இங்கே ஒரு சுமையே உண்டு.

இரண்டாவது நிறை, சொற்கள் திரும்பத் திரும்ப வருதல். பட்டியல் சிறிதாதலின் அதே சொல்லைப் பக்கந்தோறும் சந்திக்கிறோம். மனனம் செய்யாமலே சொல் பதிகிறது. மூன்றாவது, ஓர் ஆங்கில நூலை முதலிலிருந்து முடிவுவரை படித்தோம் என்னும் நிறைவு. மாற்கு நற்செய்தியை ஒரு வாரத்தில் படித்து முடித்த மாணாக்கரின் முகத்தைக் கண்டவர்கள் இதன் மதிப்பை உணர்வர்.

குறைகள்

எனினும் குறைகளும் சிறியன அல்ல. முதலாவது, சொற்களைக் குறைத்ததால் மொழி எளிதாகிவிட்டது என்று நாம் மயங்குகிறோம். வினைகள் பதினெட்டே ஆனமையால், அவற்றை முன்னும் பின்னும் சிறுசொற்களோடு இணைத்தே பல பொருள்களைச் சொல்ல வேண்டியுள்ளது. 'கிவ்' தெரியும், 'அப்' தெரியும்; ஆனால் இரண்டும் கூடினால் கைவிடுதல் என்று பொருள்படுவதை யார் சொல்லித் தருவார்? தமிழிலும் இந்நிலை உண்டு. 'கை', 'விடு' என்னும் சொற்களை அறிந்த அயலார் 'கைவிடு' என்பதன் பொருளை அறிந்தவர் ஆகார். ஆக, பட்டியலில் 850 என்று எண்ணியவை வழக்கில் பன்மடங்காகப் பெருகி நிற்கின்றன. வங்காளத்தில் பல்லாண்டு பணியாற்றி, 1926இலேயே அந்நாட்டு மாணவர்க்கு வாசிப்பே முதன்மை என வாதிட்ட மைக்கேல் வெஸ்ட், 1934இல் பிறரோடு இணைந்து அடிப்படை ஆங்கிலத்தைக் கடுமையாகத் திறனாய்ந்து நூல் வெளியிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இரண்டாவது குறை, இறையியல் மாணாக்கர்க்கு மேலும் நெருங்கியது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் சில சொற்களே நம் படிப்பின் திறவுகோல்கள். 'மேய்ப்பன்' என்னும் பொருளுடைய 'ஷெப்பர்ட்' என்னும் சொல் அதில் இல்லை. 'ஆடுகளைக் காப்பவர்' என்னும் தொடரே அவ்விடத்தில் நிற்கிறது. பொருள் பிழையன்று. ஆனால் மேய்ப்புப் பணியைப் பற்றிய ஆங்கில நூல்களுள் நுழையும் மாணாக்கர்க்கு, தம் அழைப்பின் பெயரே அறிமுகமில்லாத சொல்லாக எதிர்ப்படுகிறது. 'ஜஸ்டிஃபை' என்னும் வினையும் அவ்வாறே. அடிப்படை ஆங்கிலம் அதனைத் தவிர்த்து, 'நீதி' என்னும் பெயர்ச்சொல்லையும் சிறு வினைகளையும் கொண்டு சுற்றிச் செல்கிறது.

இதன் விளைவை நாம் வகுப்பிலேயே கண்டோம். ரோமர் நிருபத்திற்கான ஆங்கில விளக்கவுரையிலிருந்து ஒரு பக்கத்தைத் தமிழாக்கி வந்த மாணாக்கர் ஒருவர், அகராதியை நம்பி, 'தேவன் பாவியை நியாயப்படுத்துகிறார்' என்று எழுதியிருந்தார். பாவியின் செயலுக்குத் தேவன் சாக்குப்போக்குச் சொல்கிறார் என்பதுபோல் அது ஒலித்தது. 'நீதிமானாக்கப்படுதல்' என்னும் சொல்லைத் திடப்படுத்தல் வகுப்பிலேயே கற்றிருந்தவர் அவர்! தாம் அறிந்த தமிழ், தாம் அறியாத ஆங்கிலத்திற்கு உதவும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாத ஒருவர் நாமே. இன்று கைபேசி நொடிப்பொழுதில் மொழிபெயர்த்துத் தருகிறது. அதுவும் இதே பிழையைச் செய்யக்கூடும். பிழையைக் கண்டுகொள்வதற்கு இரு மொழியும் தெரிந்த மனிதர் வேண்டும்.

மூன்றாவது குறை நூலினுடையதன்று, நம்முடையது. முதற்படியில் ஏற்றிய மாணாக்கரை அடுத்த ஆண்டே மாடிக்குத் தாவச் சொல்கிறோம். 1953இல் வெஸ்ட் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் உள்ளன. அவற்றை முற்றும் அறிந்தவர்க்கும் கல்வித்துறை நூலொன்றில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த சொற்கள் விளங்காமல் நிற்கும். ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்த 570 கல்விச் சொற்குடும்பங்களைச் சேர்த்துக் கற்பின் மேலும் பத்தில் ஒரு பங்கு தெளிவாகும். பிறர் துணையின்றிப் பொது நூல்களையும் நாளிதழ்களையும் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது பால் நேஷன் 2006இல் கண்ட முடிவு. ஆயிரத்திற்கும் ஒன்பதாயிரத்திற்கும் இடையே கிடக்கும் வெளியை நாம் இலக்கணப் பயிற்சிகளால் நிரப்ப முயன்றோம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றக் கற்ற மாணாக்கர் பலர். ஒரு விளக்கவுரையை முடித்தவர் சிலரே.

செய்யத்தக்கது

ஆகவே நாம் கூறுவது இது. அடிப்படை ஆங்கில வேதாகமத்தை முதலாண்டில் ஒரு பருவத்திற்குப் பயன்படுத்துவோம். தமிழ்த் திருமறையை அருகில் விரித்து வைத்தே படிக்கச் செய்வோம். வகுப்பில் தமிழ் பேசுவது குற்றம் என்னும் விதியை நீக்குவோம். அடுத்த பருவத்தில் அதே பகுதிகளை 1976இல் முழுமையடைந்த எளிய நடை ஆங்கில வேதாகமத்திலும், பின்னர் 1952ஆம் ஆண்டின் திருத்திய திருப்புதலிலும் படிக்கச் செய்வோம். பொருள் மாறாமல் மொழி மட்டும் படிப்படியாக உயரும். மூன்றாம் படியாக, ஒரே ஒரு திருமறை நூலைப் பற்றிய விளக்கவுரைகளை மட்டும் ஓராண்டு படிக்கட்டும். ஒரு பொருளையே பற்றிப் படிக்கும்போது அதே சொற்கள் மீண்டும் மீண்டும் வரும். இரண்டாம் நூல் முதல் நூலினும் எளிதாகும்.

இறுதித் தேர்வையும் மாற்ற வேண்டும். ஆங்கிலக் கட்டுரையைக் கொண்டு மட்டும் தேர்ச்சியை அளக்காமல், படித்த பக்கத்தை ஒரு சிற்றூர்ச் சபையார் விளங்கிக்கொள்ளும் தமிழில் எழுதித் தரச் சொல்வோம். அதைச் செய்ய வல்லவரே ஆங்கிலத்தில் முதிர்ந்தவர். பிரசங்கத்தின் நடுவே ஆங்கிலத் தொடர்களை இறைப்பவர், தாம் படித்ததைச் செரித்துக்கொண்டார் என்பதற்கு அது சான்றாகாது.

ஆயிரம் சொற்களுள் எழுதப்பட்ட இவ்வேதாகமத்தைக் குறைகூறி ஒதுக்குவது நம் கருத்தன்று. அது நல்ல முதற்படி, முதற்படி மட்டுமே. நூலகத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போகும் அந்த இளைஞர் எதுவுமின்றி நம்மிடம் வந்தவர் அல்லர். ஒரு முழு வேதாகமத்தைத் தமிழில் நெஞ்சில் சுமந்து வந்தவர். அதன்மேல் கட்டத் தொடங்குவோமாயின், அவர் அப்புத்தகத்தை மறுபடி திறப்பார்.