முன்னிலைச் சொல்லும் திரைமொழியும்: அண்மைக்காலப் பிரித்தானியத் திரைப்படங்களில் இந்திய உரையாடல்

புதுச்சேரியைக் களமாகக் கொண்ட ‘லைஃப் ஆஃப் பை’ (2012) பாம்பே ஜெயஸ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டுடன் தொடங்குகிறது. தாலாட்டு ஓய்ந்தபின் அவ்வீட்டார் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசுகின்றனர். ஆங் லீயின் அப்படம் அமெரிக்கத் தயாரிப்பு. எனினும் அது எழுப்பும் வினா அண்மைக்காலப் பிரித்தானியப் படங்களுக்கே கூடுதலாகப் பொருந்தும். 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம் பிரெஞ்சு மொழிக்கு ஆட்சிமொழித் தகுதியை உறுதிசெய்த ஊர் புதுச்சேரி. வீட்டில் தமிழும் ஆவணத்தில் பிரெஞ்சும் அலுவலகத்தில் ஆங்கிலமும் புழங்கிய அவ்வூர்ப் பார்வையாளருக்கு, யார் யாரிடம் எம்மொழியில் பேசுகிறார் என்பது அதிகாரம் பற்றிய செய்தியாகவே ஒலிக்கும்.

மேத்யூ பிரவுன் இயக்கிய ‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’ (2015) இராமானுசனின் வாழ்வைக் கூறும் பிரித்தானியப் படம். ஹார்டியாக ஜெரமி அயர்ன்ஸ் வெளிப்படுத்தும் அடங்கிய தவிப்பு பாராட்டுக்குரியது. கேம்பிரிட்ஜ் காட்சிகளில் படம் உயிர்பெறுகிறது. சென்னைக் காட்சிகளில் தளர்கிறது. இராமானுசனும் ஜானகியும் தனிமையில் ஆங்கிலத்தில் உரையாடுகின்றனர். 1909இல் மணம் நிகழ்ந்தபோது ஜானகிக்கு வயது பத்து அளவே. 1914 மார்ச்சில் கணவர் கப்பலேறியபோதும் அவர் சிறுமிப் பருவத்தைத் தாண்டியவர் அல்லர். படமோ முதிர்ந்த இருவரின் காதலாக அதை மாற்றிவிடுகிறது. இம்மாற்றத்தை எளிதாக்குவது மொழியே. அக்காலக் குடும்பத்தில் கணவர் மனைவியை ‘நீ’ என்பார். மனைவி கணவர் பெயரைச் சொல்லாமல் பன்மையில் விளிப்பார். அந்த ஏற்றத்தாழ்வு முழுவதும் ‘யூ’ என்ற ஒரு சொல்லில் கரைந்துவிடுகிறது.

இது திரைமரபுதானே என்று கேட்கலாம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்தில் சி. ஆர். பார்த்திபனின் ஜாக்சன் துரையும் தமிழ்தான் பேசுகிறார். ஆனால் அவர் பேசும் தமிழ் வேறு, கட்டபொம்மன் பேசும் தமிழ் வேறு. ஒரே மொழிக்குள் இரண்டு ஒலிகளை நிறுத்தி அயன்மையைக் காதுக்கு உணர்த்திய மரபு அது. பிரவுனின் படத்தில் சென்னை வீட்டின் ஆங்கிலமும் டிரினிட்டி கல்லூரியின் ஆங்கிலமும் ஏறத்தாழ ஒன்றே. எனவே கடல் கடந்தவன் மொழியும் கடந்தான் என்பதைப் பார்வையாளர் கேட்பதே இல்லை. அவனது தனிமையைக் குளிரும் உணவும் மட்டுமே சுமக்க வேண்டியதாகிறது. முந்தைய ஆண்டு ஞான ராஜசேகரன் தமிழிலும் ஆங்கிலத்திலும் உருவாக்கிய ‘ராமானுஜன்’ காட்சிச் செழுமையில் இப்படத்துக்கு ஈடாகாது. ஆயினும் தமிழ் வடிவில் வீட்டுக்கு வீட்டின் பேச்சு இருந்தது.

சந்தியா சூரியின் ‘சந்தோஷ்’ (2024) இதற்கு நேரெதிர்த் திசையில் செல்கிறது. இறந்த காவலரின் மனைவி, கருணை அடிப்படையில் அதே பணியை ஏற்கிறாள். கொல்லப்பட்ட தலித் சிறுமியின் வழக்கு அவள்முன் வருகிறது. படம் இந்தியில் அமைந்ததாலேயே ஐக்கிய இராச்சியம் அதைப் பன்னாட்டுத் திரைப்படப் பிரிவில் ஆஸ்கருக்கு அனுப்ப முடிந்தது. மகளைக் காணவில்லை என்று வரும் தந்தையைக் காவல் நிலையம் அலட்சியப்படுத்தும் காட்சியில் சாதி பற்றிய விளக்கவுரை தேவைப்படவில்லை. பேசும் தொனியே போதுமானதாகிறது. மூன்று நிலைகளில் முன்னிலைச் சொற்களைக் கொண்ட இந்தியில் அதிகாரம் விளியிலேயே வெளிப்படும். ஷஹானா கோஸ்வாமியின் மௌனமும் சுனிதா ராஜ்வாரின் பரிவும் கண்டிப்பும் கலந்த பேச்சும் அந்த மொழிக்குள்தான் பொருள்படுகின்றன. ‘விசாரணை’ (2015) கண்ட தமிழ்ப் பார்வையாளருக்கு இதிலுள்ள காவல் வன்முறை புதிதன்று. வன்முறையில் பங்கேற்கும் பெண்ணின் தடுமாற்றமே புதிது. இறுதிப் பகுதி சற்றே விளக்கத்தை நாடுவது குறைதான்.

2025இல் மையத் திரைப்படத் தணிக்கை வாரியம் இப்படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. ஆங்கிலம் பேசும் ஜானகி சான்றிதழ் பெற்று இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தாள். தன் மொழி பேசிய சந்தோஷுக்கு அவ்வாயில் திறக்கவில்லை.